லோர்கனுக்கு ஒரு மருத்துவமனை

கூராகிளேர்,
12 பிப்ரவரி 2011

அன்பு மகள் நெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் லோர்கனும் இங்கே நலமாக இருக்கிறோம். கார்க் நகரத்துக் குளிர் உன் நெஞ்சை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விருப்பம். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று நீயே குறைப்பட்டிருக்கிறாய். இது இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை.

செப்டம்பரில் லோர்கனுக்குப் பதினெட்டு முடிகிறது. அதன்பிறகு குழந்தைகள் மருத்துவமனையில் அவனை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். உங்கள் இருவருக்கும் பிறவியிலேயே வந்த இந்தச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெரியவர்களுக்கென்று இருக்கிற மூன்று இடங்களை ஒரு தாளில் எழுதி, போன வியாழக்கிழமை நர்ஸ் கிரெட்டா எங்களிடம் கொடுத்தாள். உன்னையும் பார்த்துக்கொண்ட அதே கிரெட்டாதான். அம்மா அவளை விடவில்லை. "எதுன்னு நீயே சொல்லிடேன் கிரெட்டா, உனக்குத் தெரியாததா?" என்றாள். அதற்கு அவள், "நான் சொல்லக்கூடாது டிம்ப்னா. மூணையும் போய்ப் பாருங்க. ஆயுசு பூரா அவன் போகப்போற இடம்" என்றாள். அந்த 'ஆயுசு பூரா' வாயிலிருந்து வந்ததும் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் இடம் நம் பக்கத்து நகரத்தில். ஐம்பது நிமிடம். இரண்டாவது டப்ளின், மூன்றரை மணி நேரம். மூன்றாவது கார்க், நீ போகிற இடம்.

அம்மாவுக்குப் பக்கத்து நகரம்தான். போன டிசம்பர் பனியில் நம் வீட்டு வாசலிலிருந்து கார் நகரவே மூன்று நாள் ஆனதை அவள் மறக்கவில்லை. லோர்கன் தாளை வாங்கிப் பார்த்த அடுத்த நொடியே, "நான் அக்கா போற எடத்துக்குத்தான் போவேன்" என்றான்.

முடியாது என்றேன். உன் நுரையீரலில் நான்கு வருடமாகக் குடியிருக்கிற கிருமி அவனுக்கு வந்துவிடக்கூடாது, அதனால்தானே நீங்கள் இருவரும் இத்தனை நாளாக ஒரே கூரைக்குக் கீழே உட்காரவில்லை, இப்போது ஒரே தாழ்வாரத்தில் போய் நடப்பதா என்றேன். அவன் விடவில்லை. "வேற வேற நாள்லதானே வரச் சொல்வாங்க? அவ உக்காந்த நாற்காலிய ஒருத்தரும் தொடைக்க மாட்டாங்களா?" என்று கேட்டான்.

அவனுக்குப் புரிய வைக்கிறேன் பேர்வழி என்று என் தொழிலைச் சொன்னேன். ஒவ்வொரு பண்ணையிலும் பாலை டேங்கரில் ஏற்றுவதற்கு முன்பு நான் ஒரு குப்பியில் கொஞ்சம் பிடித்து வைக்கிறேன் இல்லையா, ஒரே ஒரு பண்ணைப் பாலில் கோளாறு இருந்தாலும் டேங்கரில் இருக்கிற மொத்தப் பாலையும் கொட்ட வேண்டியதுதான் என்றேன். அவன் கேட்டான், "அப்ப அக்கா கெட்டுப்போன பாலாப்பா?"

நான் வெளியே போய் டேங்கரைக் கழுவினேன். காலையிலேயே கழுவின டேங்கர்.

எப்படியும் அவன் இதை உன்னிடம் சொல்லிவிடுவான். என் வாயால் வருவதே முறை என்று எழுதுகிறேன்.

ஒன்பது வருடமாகப் பெரியவர்கள் மருத்துவமனைக்குப் போய்வருகிறவள் நீ. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நேரம் கிடைக்கும்போது எழுதி அனுப்பு. அவசரமில்லை. பக்கத்துப் பண்ணை மார்ட்டி மரினன் கொட்டகையின் கூரைத்தகடு காற்றில் பறந்து நம் வயலில் விழுந்துகிடக்கிறது. அவன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போகிறான், எடுக்கத்தான் மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
அப்பா

*

கூராகிளேர்,
29 மே 2011

அன்புள்ள நெஸ்ஸாவுக்கு,

உன் நான்கு பக்கக் கடிதத்தை அம்மா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துவிட்டாள். போன இடமெல்லாம் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்டோம். கேட்டதையும் பார்த்ததையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து நகரத்தில் நல்ல மனிதர்கள். மருத்துவர் புதன்கிழமை மட்டும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற உன் கேள்விக்கு, அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். அங்கே இந்த நோயை அறிந்தவர் இருப்பாரா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்கள். நர்ஸ் அம்மாவுக்கு டீ கொடுத்து, லோர்கன் என்ன சாப்பிடுகிறான், காலையில் எவ்வளவு சளி வருகிறது, தூங்குகிறானா என்று எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டாள். அவன் நடுவில் உட்கார்ந்து தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு முன்பு காத்திருப்பு அறையில் ஒன்று நடந்தது. இரண்டு நாற்காலி தள்ளி, இருபது வயதுக்குள் இருக்கும், ஒரு பெண் இருமினாள். நம் வீட்டில் இருபத்தேழு வருடமாகக் கேட்கிற இருமல் அது, எங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அந்தப் பெண்ணும் லோர்கன் இருமியதைக் கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவள், "நீ உக்காரு, நான் வெளிய நிக்கிறேன்" என்றாள். இவன், "பரவாயில்ல, எனக்கு மழை பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றான். கூப்பிடுகிற வரைக்கும் இருபத்தைந்து நிமிடம். திரும்பி வரும்போது அம்மா அந்த ஐம்பது நிமிடத் தூரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

டப்ளினில் காத்திருப்பு அறையே கிடையாது. வாசலில் பெயரைச் சொன்னதும் நேராக ஒரு தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மருத்துவர், பிசியோ, சாப்பாட்டைக் கவனிக்கிற பெண், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவனைத் தேடி வருகிறார்கள். எந்தக் கிருமி உள்ளவர்களுக்கு எந்த நாள் என்று பிரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். எல்லாம் சரி, அங்கிருக்கிற நர்ஸ் கொஞ்சம் கறார். வந்தவுடனே, "அம்மா, நீங்க ஒரு பத்து நிமிஷம் வெளிய இருக்கீங்களா? இனிமே இவர்கிட்டதான் நாங்க பேசுவோம்" என்றாள். பதினேழு வருடமாக அவன் முதுகைத் தட்டித் தட்டிச் சளி எடுத்தவளை வெளியே இருக்கச் சொன்னாள். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவனுக்குப் பச்ச மாத்திர எத்தனன்னே தெரியாது மலக்கி" என்றாள். பிறகு கேட்டதில், அவன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான்.

கார்க் நீ எழுதியபடியேதான் இருக்கிறது. ஒரு சொல் கூடுதலோ குறைவோ இல்லை. உன்னை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உன் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள், உன் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதுவும் சரியான முறைதான்.

அதன்பிறகு உன் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் நாங்கள் வந்து நின்றது உனக்குத் தெரியும். மூன்றாவது மாடி ஜன்னலில் நீ வரைபடச் சுருளை வைத்துக்கொண்டு கை ஆட்டினாய். லோர்கனும் ஆட்டினான். பஸ் நடுவில் வந்து மறைத்தபோதும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தான். காரில் ஏறி மேலோ ஊரைத் தாண்டும் வரைக்கும் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "அக்கா இளைச்சுட்டாப்பா" என்றான். ஜன்னல் கண்ணாடியில் அப்படித் தெரிந்திருக்கும் என்றேன்.

இன்றைக்கும் கேட்டால் கார்க் என்றுதான் சொல்கிறான். அவனுக்கு அடுத்த மாதம் பள்ளி இறுதித் தேர்வு. அது முடியட்டும் என்று விட்டுவிட்டோம். மீன் எண்ணெயை நிறுத்தாதே.

அன்புடன்,
அப்பா

*

கூராகிளேர்,
17 ஜூலை 2011

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன்.

லோர்கன் கார்க்குக்கு வரட்டும், நான் டப்ளினுக்கு மாறிக்கொள்கிறேன், மருத்துவரிடம் பேசிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். இதற்கு மேல் இதில் சொல்வதற்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் மூச்சு அளவு நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று, அங்கே மேகமாக இருக்கிறது என்று எழுதுவது போல நான்காவது வரியில் எழுதியிருக்கிறாய். போன கோடையில் அது நாற்பத்தொன்பது. நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அந்த அளவோடு புதிய மருத்துவர்களிடம் போய் நீ முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அம்மாவுக்கு இந்த எண்ணை நான் சொல்லவில்லை. நீயே சொல்.

அம்மாவுக்கும் சொல்லாமல் மறைத்துவைக்க வேண்டும் என்றுதான் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டேன். தபால்தலை தேடப்போன லோர்கன் அதை எடுத்துப் படித்துவிட்டான். நான் பால் சுற்று முடித்து வந்தபோது சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்திருந்தான். "டப்ளின்னு எழுதிக்குடுத்துடுங்கப்பா" என்றான்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவனே சொன்னான்: "ஒம்பது வருஷமா ஒரே டாக்டர் அவளப் பாக்குறாரு. அவர விட்டுட்டுப் போனா, மறுபடி யாரு மொதல்லேர்ந்து அவளப் படிக்கிறது? அதுக்கெல்லாம் நேரமிருக்கா அவளுக்கு?" பிறகு நெபுலைசரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அது ஓடுகிற சத்தம் வழக்கத்தை விட நீண்ட நேரம் கேட்டது.

பதினேழு வயதில் ஒருவனுக்கு இவ்வளவு கணக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. போனில் அவனிடம் நன்றியும் சொல்லாதே, கூச்சப்படுவான். கால்பந்தைப் பற்றிப் பேசு. முந்தாநாள் கோல் காவலில் நின்று இரண்டு பந்தை விட்டுவிட்டான்.

அன்புடன்,
அப்பா

*

கூராகிளேர்,
24 செப்டம்பர் 2011

அன்புள்ள நெஸ்ஸாவுக்கு,

எல்லோரும் நலம். நேற்று டப்ளினில் லோர்கனுக்கு முதல் நாள். நடந்ததைத் தெரிந்துகொள்ள நீ காத்திருப்பாய்.

ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். சேர்ந்தபோது நேரம் கையில் இருந்தது. அதே கறார் நர்ஸ். அவள் பெயர் ஆர்லா. "வாங்க லோர்கன், பிரயாணம் எப்படி?" என்று அவனிடம்தான் கேட்டாள். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. மூச்சு அளவு எழுபத்திரண்டு. சளியில் புதிதாக ஏதும் இருக்கிறதா என்பது அடுத்த வாரம் தெரியும். இந்த முறை அம்மாவை வெளியே போகச் சொல்லவில்லை. அம்மா தானாகவே எழுந்தாள். லோர்கன்தான், "இரும்மா, இன்னிக்கி இரு" என்று உட்கார வைத்தான்.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த நாள், ஒவ்வாத மருந்து என்று வரிசையாக இருந்தது. அவன் பேனாவை வாங்கித் தானே நிரப்பினான். அவசரம் என்றால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். நான் நம் வீட்டு நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுதிவிட்டான். ஆர்லா படித்துப் பார்த்துவிட்டு, "நெஸ்ஸா ஹோனன், அம்மா பேரா?" என்று கேட்டாள்.

"இல்ல, எங்க அக்கா" என்றான். "நீங்க சொல்றது அவளுக்குத்தான் புரியும். அப்புறம் அவ இவங்களுக்குப் பதமா சொல்லிடுவா."

நானும் அம்மாவும் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தோம். அக்கா கூடவே இருக்கிறாளா என்று ஆர்லா கேட்டாள். கார்க்கில் இருக்கிறாள், அவளுக்கும் இதே நோய்தான், நாங்கள் சந்தித்துக்கொள்வதில்லை என்றான். அவள் தலையசைத்தாள், படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அங்கே இது புதிய கதை இல்லை போலிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு நானும் ஓட்டினேன். ரோஸ்கிரேயில் டீ குடிக்க நிறுத்தியபோது லோர்கன் பின் இருக்கையில் தூங்கிவிட்டிருந்தான். அவனை எழுப்பாமல் இருவரும் வெளியே நின்று குடித்தோம். அப்போது அவள், "சரியான பேரைத்தான் போட்டிருக்கான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவளோட மூச்சு அளவு முப்பத்தெட்டாம். போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டா. எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட காட்டிக்க வேணாம்னா" என்றாள். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீடு வரும் வரைக்கும் அவள் கை என் கோட்டுப் பைக்குள் இருந்தது.

நெஸ்ஸா, நான் உன்னிடம் அதிகம் எதையும் கேட்டதில்லை. நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் பெட்டியைக் காரில் ஏற்றினேன், இருந்துவிடு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. இப்போது ஒன்று கேட்கிறேன். உன் மருத்துவர் எதைச் சொன்னாலும் கேள். நுரையீரல் மாற்றுவதற்குப் பெயர் எழுதிவைக்கலாம் என்று அவர் சொன்னால், யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வராதே, எழுதச் சொல். வேலை இருக்கிறது என்று சாயங்கால பிசியோவைத் தள்ளிப்போடாதே. வெண்ணெயைக் குறைக்காதே.

அந்தக் கட்டத்தில் இருப்பது உன் பெயர். டப்ளினிலிருந்து எந்த வருடம், எந்த நாள் கூப்பிட்டாலும் போனை எடுக்க நீ இருக்க வேண்டும், மகளே.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அப்பா
மலக்கி ஹோனன்