ஒரே நாளில் சேர்ந்த இருவர்

23 ஏப்ரல் 1987, வியாழன்

டைம் ஆபீஸ் மின்விசிறி இன்னும் பழுது. சக்ரபாணி சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "டெலிபோன் எக்ஸ்சேஞ்செல்லாம் எலக்ட்ரானிக் ஆயிடுத்து. நம்ம ரிலேயை இனி யார் வாங்குவா? அறுபத்திரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தணும். கடைசியா சேர்ந்தவாள்ளேருந்து மேலே எண்ணிண்டு போங்கோ. வெளியே மூச்சு விடப்படாது."

எண்ணினேன். அறுபத்திரண்டாவது இடத்தில் இருவர். அப்துல் ரஹீமும் துரைராஜும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், பதினாறு வருடமாக ஒரே பெஞ்சு. டோக்கன் 417 ரஹீம், 418 துரைராஜ். பின்னவர் துரைராஜ். அவர்தான் போகவேண்டும்.

26 ஞாயிறு

கோயிலில் துரைராஜின் மகள் ஜெயசுந்தரிக்கு முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும் துரைராஜ் என்னிடம் வந்தார். "யூனிஸ், மாப்பிள வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ, அப்பாவுக்கு பெர்மனென்ட் வேலையான்னு. ஆமான்னுட்டேன். சரிதான?"

சிரித்துவைத்தேன்.

27 திங்கள்

பட்டியலை டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தேன். கடைசி வரி: 417, அப்துல் ரஹீம். திருத்தும் சிவப்பு மசி மேஜையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. சார் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

28

எண் மட்டும் மாறியிருந்தால் விரல் தவறிவிட்டது எனலாம். பெயருமா?

30 வியாழன்

நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒவ்வொருவராக என் ஜன்னலில் வருகைக்கான பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரஹீம் கடைசி. துரைராஜிடம் கற்ற தமிழில், உருது கலந்து, "இதைப் பெட்டியில போட நக்கோ அம்மா. நீங்க வெச்சுக்கோங்க. திரும்பக் கூப்பிட்டா தேடக்கூடாது, இல்ல?"

வாங்கிக்கொண்டேன். பித்தளை சூடாக இருந்தது. அவர் கைச்சூடு.

டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் துரைராஜ் அழுதுகொண்டிருந்தார்.

5 மே

எட்டு மணிச் சங்கு. கேட்டுக்கு எதிரே ரஹீம், டிபன் டப்பாவோடு. நேற்றும் நின்றார்.

10 ஞாயிறு

மூன்றாம் ஓலை. "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டா" என்று பாஸ்டர் கேட்டு நிறுத்தினார். எப்போதும் நிறுத்துவதுதான். இன்று நீண்டது. டோக்கன் கைப்பைக்குள் இருந்தது. முன்வரிசையில் ஜெயசுந்தரியின் பின்னல்.

எழுந்திருடி யூனிஸ். எழுந்து என்னத்தச் சொல்ல? அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? ரஹீம் வீட்டுலயும் புள்ளைங்க இருக்கே —

பாஸ்டர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

14 வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணி ரஹீமின் மச்சான் சமைத்தது. துரைராஜ்தான் அந்தச் சமையல் வேலையை அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாராம். ரஹீமே தோளில் துண்டோடு பரிமாறினார்.

"ஏலே, ரிலேக்கு ட்வீசர் பிடிச்ச கை. கரண்டிய ஒழுங்காப் பிடி" என்றார் துரைராஜ்.

"ஹவ்டா, ஆமாண்டா, உன் வயித்துக்கு ட்வீசர் பத்தாது."

பந்தியே சிரித்தது. பிறகு ரஹீம் என்னிடம் வந்து குனிந்தார். "லிஸ்ட் நீங்க டைப் பண்ணீங்கன்னு ஆளுங்க பேசறாங்க. நான் திட்டிட்டேன். அம்மா கையில என்ன இருக்கு? மேல குடுத்ததை அடிச்சாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

பெரிய கறித்துண்டாகத் தேடி என் தட்டில் வைத்தார். நான் சாப்பிடுவதைப் பார்க்க அங்கேயே நின்றார்.

சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.