பச்சை காட்டிய கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை நோர்வூட் பக்கத்திலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு நான் வேலை செய்யும் ரிப்பேர் கடைக்கு வந்தார். "தம்பி, பச்சைதான் காட்டுது. ஆனா உள்ள ஒரு பைலையும் காணோம்" என்றார். போட்டுப் பார்த்தேன். திரையின் மூலையில் பச்சை வட்டம், அதன் மேல் வெள்ளையில் ஒரு சரி அடையாளம். எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறதாம். என் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. பாவம், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து அவர் ஓரடி பின்னால் போனார்.

உன்னைப் புதைத்து மூன்று மழைக்காலம் போய்விட்டது, மச்சான். அந்தப் பச்சையைப் பார்த்தால் இன்னும் என் வாய் திட்டத்தான் செய்கிறது. துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

உங்கள் தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றையறை வீடுகளின் வரிசையில், முதலில் கம்ப்யூட்டர் வந்தது உன் காம்பராவுக்குத்தான். கொழும்பில் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதை உன் மாமா மரக்கறி லொறியில் ஏற்றி அனுப்பினார். படுக்க இடமில்லாத வீட்டில் அதற்கு ஒரு மேசை கிடைத்தது. உன் அம்மா தன் பழைய சேலையைப் போட்டு அதை மூடி வைத்தார். வைரஸ் தடுக்கும் மென்பொருளை எங்கள் ஹட்டன் கடையிலிருந்து சீடியில் கொண்டுவந்து போட்டவன் நான். லயத்தில் இன்டர்நெட் ஏது? அதனால் நமக்குள் ஓர் ஏற்பாடு. மென்பொருள் பழசானால் பச்சை போய்ச் சிவப்பு வரும். சிவப்பு வந்ததும் நீ சொல்ல வேண்டும், நான் புதியதைக் கொண்டு வர வேண்டும்.

சிவப்பு வரவே இல்லை. உனக்கு அதில் பெருமை வேறு. "டவுன்ல டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் மாசத்துக்கு ஒருக்கா செவப்பு காட்டுதாம்டா. நம்மளுது பாரு, லயத்துப் புள்ள. நோய் நொடி அண்டாது."

அந்த வருஷம் நீ அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. தலவாக்கலையில் பள்ளிக்கூட மண்டபமொன்றில் அரசாங்க நடமாடும் சேவை வைக்கப் போகிறார்கள், அடையாள அட்டை இல்லாதவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். உங்கள் தோட்டத்தில் மட்டும் நாற்பத்தொரு பேருக்கு அட்டை இல்லை. அதில் நீயும் ஒருவன். இந்த மண்ணில் மூன்று தலைமுறை தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பம். ஆனால் நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்கு உன்னிடம் இருந்தது தோட்ட ஆபீசில் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம். அதில் உன் பெயரிலேயே பிழை. கையால் எழுதிய படிவம் கொடுத்தால் இப்படித்தான் பெயரைக் கொலை செய்து திருப்பி அனுப்புவார்கள் என்று, கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டு வரலாமா என நீ போய்க் கேட்டாய். கொண்டு வா, அங்கேயே அச்செடுக்கலாம் என்றார்கள். நாற்பத்தொரு பேரின் விவரத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாய். கொழும்பில் ஒரு கடையில் உனக்கு வேலை தயாராக இருந்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி மறித்து அட்டை கேட்ட யுத்த காலம். அட்டை இல்லாமல் வராதே என்று மாமா சொல்லியிருந்தார்.

அதற்கு இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். நீ கம்ப்யூட்டரைப் போட்டாய். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நின்றது. நேரமும் தேதியும் தவறு, தொடர F1-ஐ அழுத்து என்றது. வாசிக்காமலே அழுத்தினாய். தினமும் அழுத்திப் பழகிய விரல். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜனவரி முதலாம் தேதி.

"என்னடா, ஒனக்கு வயசு கொறையுது?" என்றேன்.

"கொறையட்டும். எனக்கு என்ன பென்சனா வரப் போகுது?" என்றாய்.

சிரித்தோம். தேநீர் குடித்தோம். நான் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

அந்தத் தேதி ஏன் தவறுகிறது என்று எனக்குத் தெரியும். தாய்ப்பலகையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிய நிமிஷமே கம்ப்யூட்டர் காலத்தை மறந்துவிடும். வேறு வீடென்றால் பிளக் சுவரிலேயே கிடக்கும். மேல் லயம் கரண்ட் கோளாறில் தீப்பிடித்து எட்டுக் குடும்பம் உடுத்த துணியோடு நின்ற பிறகு உங்கள் லயத்தில் யாரும் அப்படி விடுவதில்லை. காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உன் அம்மா கேட்கும் கடைசிக் கேள்வியே அதுதான்: "பிளக்கப் புடுங்கிட்டியாப்பா?" நீ மறந்தாலும் அவரே பிடுங்கிவிட்டுத்தான் போவார்.

ஆகவே ஒவ்வொரு நாளும் உன் கம்ப்யூட்டருக்கு அதே பழைய ஜனவரி. அந்தத் தேதியில் நின்று பார்த்தால் நான் போட்ட மென்பொருள் இன்னும் பழசாகவே இல்லை. அதனால்தான் பச்சை. செத்த காவல்காரனை வாசலில் உட்கார வைத்த மாதிரி அது உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்க்கலாம் என்று டவுன் கடையில் நீ பென் டிரைவைச் செருகியதும், அங்கிருந்து வைரஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தெரியாது. தினமும் உண்மையைச் சொன்னது அந்தக் கறுப்புத் திரைதான். அதை நீ வாசிக்கவில்லை. வாசித்த நான் பகிடி விட்டேன்.

நடமாடும் சேவைக்கு நாற்பத்தொரு பேரும் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் நின்றேன். உத்தியோகத்தர் உன் பென் டிரைவைச் செருகினார். அவருடைய கம்ப்யூட்டர் கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. என்ன நடக்கிறது என்று நாம் எட்டிப் பார்ப்பதற்குள் அது பென் டிரைவுக்குள் இருந்ததையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டது. "மேகே வைரஸ் தியெனவானே", இதில் வைரஸ் இருக்கிறதே, என்று சிங்களத்தில் பக்கத்து மேசைக்குச் சொன்னார். பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் தெரியும். நமக்கு விளங்க வேண்டும் என்றே தமிழில் சொன்னார்: "தோட்டத்து வைரஸ்!" மண்டபம் சிரித்தது. ஆறேழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அக்கா, என்னவென்று விளங்காமல் தானும் சேர்ந்து சிரித்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அக்காவை இல்லை, அப்படிச் சிரிக்க வைத்தவர்களை.

விவரங்களை முதலில் கையால் எழுதி வைத்த தாள்கள் வீட்டில் இருக்கின்றன, கொண்டு வருகிறேன் என்று சிங்களத்தில் கெஞ்சினாய். "மூன்றரைக்கு முடியும்" என்றார்கள். பூண்டுலோயா பஸ்ஸைத் துரத்திப் பிடித்தாய். நீ தாள்கட்டோடு திரும்பி வந்தபோது மூன்றரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். "அடுத்த முறை கொண்டு வாங்க, தம்பி." அடுத்த முறை எப்போது என்று கேட்டாய். அவர்கள் அடுத்த மேசையை மடக்கப் போனார்கள்.

வேலை காத்திருக்காது என்று அந்தத் துண்டுக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாய். மூன்றாம் வாரம் நீ தங்கியிருந்த அறையைப் பொலிஸ்காரர்கள் சோதித்தார்கள். அட்டை இருந்தவர்கள் அறையிலேயே இருந்தார்கள். உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது வாரம் உள்ளே. திரும்பி வந்தவனுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரை. டிக்கோயாப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேனுக்கு அலைந்தபோதே உன் பாதி உயிர் போய்விட்டது. அதிகம் பேச மாட்டாய். ஒரே ஒருநாள் மட்டும் கேட்டாய்: "பச்சைதானேடா காட்டுச்சு, மச்சான்?"

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி கடுகளவும் உயிரில்லாமல் கிடந்தது. உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னதான்ப்பா கோளாறு?" என்று கேட்டார். வேலை தெரிந்த திமிரில் எல்லாவற்றையும் விளக்கினேன். பேட்டரி, தேதி, பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் பின்னுக்குப் போவது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப நான் புடுங்குனதுனாலயா?"

இல்லை என்றேன். இல்லவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இப்போதும் நான் போகும்போதெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அதையே கேட்கிறார். உன்னை ஏற்றிப் போனவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. மேசையை மடக்கியவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. பெயரைப் பிழையாக எழுதிய ஆபீசுக்கு உன் பெயரே ஞாபகமிருக்காது. ஐம்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு மனுஷி மட்டும் அடுப்படியில் குந்தியிருந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன் என்பதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பேட்டரி அன்று என் கடை மேசை லாச்சியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. வருகிற ஞாயிறு போகிறேன். இந்த முறை அம்மா கேட்பதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.