பேசாத வாரத்துச் சீட்டுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். தொண்டை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். சின்ன முடிச்சுதான், எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று வேலூர் டாக்டர். ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்கியதன் பலன். சூப்பர்வைசருக்குக் குரல்தானே எல்லாம். திரும்பி வருமா? இதை யாரிடமும் எழுதிக் காட்டவில்லை.

வாங்க: ரவை, துணி சோப்பு, பேனா 2.

சாயங்காலம் பர்வீன் வந்தாள். என் லைனில் தைப்பவள், அடுத்த தெரு. கையில் ஒரு கட்டு காலண்டர் தாள், எல்லாவற்றிலும் அடியில் ஒரு பொன்மொழி. "இதப் பாத்து எழுதுக்கா. சும்மா உப்பு கம்மி, துணி எடுன்னே எழுதினு இருக்காதே."

ஆகஸ்ட் 5, செவ்வாய்
இவர் டிபன் பாக்ஸில் முதல் சீட்டு. விளக்கு அணைந்தாலும் ஒளி நெஞ்சில் நிற்கும் என்ற வரி. அழகாக இருந்ததே என்று எழுதினேன்.

மதியம் போன். இவர்தான், ஓட்டிப் போன கம்பெனி பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு. "அமுதா, யாரு போய்ட்டாங்க? ஒடுகத்தூர் மாமாவா? ஐயோ, நீ பேசக் கூடாதுல்ல. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு."

இரண்டு தட்டு தட்டினேன். சிரிக்கவும் கூடாதாம். வயிறு வலித்தது.

ஆகஸ்ட் 6, புதன்
மகள் திவ்யாவுக்கு ஒரு சீட்டு, விடாமுயற்சி பற்றி. போன மாதம் அவள் பள்ளிக்கூட கேட்டில், வாலிபால் டீம் பெண்கள் முன்னால், "பந்தா சோறு போடும்? பிளஸ் ஒன் படிப்பப் பாரு" என்று கத்தினேன். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும்தான் பதில். சீட்டு திரும்பி வந்தது. இரண்டு எழுத்துப் பிழை, சிவப்பு மையில் வட்டம். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
சாயங்காலம் நல்ல மழை. கொடித்துணி எல்லாம் நனைந்தது. பர்வீனிடம் திருத்திய சீட்டைக் காட்டினேன். "காலண்டர் சொல்றத நீ எதுக்கு சொல்ற? அது அப்டியே இருக்கட்டும். கீழ உன் பேச்ச எழுது."

இவருக்கு: துணை பற்றிய வரி. கீழே, "ஆபரேஷன் அன்னிக்கு நீங்க பட்டினியா வெளிய உக்காந்திருந்தது எனக்குத் தெரியும்."

திவ்யாவுக்கு: மன்னிப்பு பற்றிய வரி. கீழே எழுத மூன்று தாள் கிழித்தேன். கடைசியில், "கேட்டுல உன்ன அப்டி பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னுது. விளையாடு. கையெழுத்து போட்டுத் தர்றேன்." அவள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். கத்துவது எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
காலை 6 மணி. என் காபி டம்ளருக்கு அடியில் மடித்த தாள். ஞாயிற்றுக்கிழமை வேலூர் மேட்சுக்கு அனுமதிப் படிவம், மேலே பேனா. ஓரத்தில் பென்சிலில், "தேதி போட மறக்காதம்மா."

போட்டேன். கொஞ்சம் அழுதேன். சட்னி தீய்ந்துவிட்டது.

காலி டிபன் பாக்ஸில் இவர் எழுதிய சீட்டு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல். "பட்டினி இல்ல. வட சாப்ட்டேன். ரெண்டு. ஆனா எறங்கல."

ஆகஸ்ட் 9, சனி
வேலூர். டாக்டர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். "ஒன்று" வெறும் காற்று. "இரண்டு" கரகரப்பு. நான்கில் குரல் வந்தது. என்னுடையதுதான். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சம் பேசலாம், ஒரு மாதம் சத்தம் போடக் கூடாது. கத்துவதற்குப் பதில் ஊத, கம்பெனியில் ஒரு விசில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மேட்ச். மேகமூட்டம், நல்ல காற்று. திவ்யாவுக்கு 7ஆம் நம்பர் பனியன், முழங்கால் வரை தொங்கியது. முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் அவள் சர்வீஸ் வரிசையாக நாலு பாயிண்ட் வாங்கியது. கத்த வாய் திறந்தேன், இவர் என் தோளை அழுத்தினார். "நீ உக்காரு." பஸ்ஸில் ஹாரன் அடிக்கவே யோசிப்பவர் எழுந்து நின்று "திவ்யா, வுடாதே" என்றார். மைதானமே திரும்பிப் பார்த்தது. உட்காரவே இல்லை.

மூன்றாவது செட்டில் தோற்றார்கள். திவ்யா வியர்வையோடு ஓடி வந்து, "எப்டிம்மா ஆடினேன்?" என்றாள்.

"சூப்பர்" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் வைக்க வேண்டும்.