மில்லர்புரம் வீட்டில் இருவர்

ஜனவரி 8
குளியலறையில் வழுக்கி விழுந்தேன். நான் போட்ட சத்தம் கேட்டுப் பால்காரர் வந்து கதவை உடைக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். எலும்பு முறிவில்லை, இடுப்பில் அடி. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகப் பயந்தேன்.

ஜனவரி 9
ஷாம் பெங்களூரிலிருந்து போனில் கத்தினான். "வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்கம்மா."
மகன் பயத்தில் பேசுகிறான். புரிகிறது. ஆனா அந்தப் பதினோராவது மாடியில பகல் பூரா நான் என்ன செய்ய? அவனும் மருமக ஷெர்லியும் இருட்டின பிறகு வாரவங்க. இங்கே கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு நான் பாடும் பாடகர் குழு இருக்கிறது. நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் தெருவுக்கு ஒருத்தியாக இருக்கிறார்கள்.

ஜனவரி 12
இசக்கிச்செல்வி பார்க்க வந்தாள். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
"ஏளா ஜீவா, நீ இங்கன விழுந்து கெடக்க, நாளைக்கு நான் அங்கன விழுந்து கெடப்பேன். ஒரே வீட்டுல இருந்தா ஒருத்திய ஒருத்தி தூக்கி விடலாம்லா?"
விளையாட்டாகச் சொன்னாளா?

ஜனவரி 13
என் வீட்டுக்கு வந்துவிடுகிறாயா என்று நானே கேட்டுவிட்டேன். "பொங்கல் முடியட்டும், வாரேன்" என்றாள்.

ஜனவரி 18
ஷாமிடம் சொன்னேன். "நான் இருக்கும்போது யாரோ ஒருத்தரக் கூட வச்சுக்கிடுவீங்களா? ஊர் என்னம்மா சொல்லும்?" போனை வைத்துவிட்டான்.
அவன் வேண்டாம்னா நான் சொன்னேன்? — அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு செல்விக்கு அறையை ஒழித்தேன்.

பிப்ரவரி 2
குடிவந்த செல்வி விடியுமுன்னே ரேடியோ வைக்கிறாள். நான் துணி மடிக்கும் விதம் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். நல்ல சண்டை. சாயந்திரம் கடற்கரையில், துறைமுகத்துக்குள் போகும் கப்பலைப் பார்த்தபடி சமாதானமானோம். குளியலறையில் பிடிகம்பி வைத்தாயிற்று. உள்ளே தாழ் போடுவதில்லை.

மார்ச் 11
இடுப்புவலி இல்லவே இல்லை.

மார்ச் 31
ஈஸ்டருக்கு ஷாம் மட்டும் வந்தான். இறுக்கமான முகம். செல்வி சாளை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.
"ஏலே, உங்கம்ம ஒன்ன வேண்டாம்னு சொல்லல. அவ பாடு அவ பாத்துக்கிட்டு இருக்கணும்னு நெனைக்கா. அம்புட்டுதான்."
அவன் தட்டை நீட்டினான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

ஜூன் 9
கோயிலுக்குப் புறப்படும்போது ஷாமின் போன். "நல்லா இருக்கேன்யா" என்றேன்.
"தெரியும்மா, நேத்து செல்வி அத்தை சொன்னாங்க. அவங்களுக்குத்தான் முதுகுவலின்னாங்களே, இப்பம் எப்படி இருக்கு? போன அவங்ககிட்டக் குடுங்க."
கொடுத்துவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்கு நடந்தேன்.