மைக்கில் சொல்லும் பேர்

வெள்ளி

காலையிலிருந்து தூறல். கந்தப்பளை மைதானம் முழுக்கச் சேறு. கார்னிவல் கூடாரம் நிமிர்ந்தபோது மதியமாகிவிட்டது. ஏணியை நானே துடைத்தேன். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

வாங்க வேண்டியவை: முழங்காலுக்குத் தைலம், சிவப்புச் சட்டைக்குப் பொத்தான், பற்பசை.

என் உயரம் மூன்றடி இரண்டங்குலம். தாங்கல் இல்லாத பத்தடி ஏணியின் உச்சியில் தலைகீழாக நிற்பேன். இலங்கையில் இன்னொருவன் இருந்தால் வரட்டும், பார்க்கலாம்.

மாலை, அறிவிப்பாளர் ஃபலீல் நானா மைக்கைப் பிடித்தார். "வாங்க, வாங்க! அதிசய அரை ஆளு!" மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்து வீடு வரை கேட்டிருக்கும்.

சனி

கேட்டிருக்கிறது. தங்கச்சி செல்வி விடியற்காலையே போன். "அண்ணே, நான் வரமாட்டேன். 'ஒங்க அரை ஆளு வந்திருக்காராமே'ன்னு மலையில கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாளுக."

எட்டு வருஷமாக ஊர் ஊராக ஏறுகிறேன். அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த முறை பார்த்தே ஆகவேண்டும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே நானாவிடம்.

"நாளைக்கு அரை ஆளுன்னு சொல்லாதீங்க நானா. பேரச் சொல்லுங்க."

"பேரச் சொன்னா யாரு தம்பி வாரது? அரை ஆளுண்டாத்தான் சனம் வரும்."

"அப்ப நீங்களே ஏணியில ஏறுங்க."

தொந்தி குலுங்கச் சிரித்தார்.

செல்விக்குப் போன்: "நீ வா. நான் பாத்துக்கிறேன்." எப்படி என்று தெரியவில்லை.

ஞாயிறு

வெயில்! கூடாரம் நிறையத் தோட்டத்து ஆட்கள். முன்வரிசையில் செல்வி, கொழுந்தெடுக்கும் கூட்டாளிகள் நாலு பேரோடு.

நானா, பழக்கதோஷம். "இதோ, அதிசய அரை..."

செல்வி எழுந்துவிட்டாள். "எங்களுக்கு அரைப்பேரு போடுறது பத்தாதா? எங்க அண்ணனுக்கு முழுப்பேரு போடுங்க!"

கூடாரமே கத்தியது. "முழுப்பேரு! முழுப்பேரு!"

கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் கூலிதான். அதற்குத்தான் அரைப்பேர் என்பது; முழுநாள் கூலி என்றால் முழுப்பேர். அங்கே அது தெரியாதவர், கொழும்பிலிருந்து வந்த நானா ஒருவர்தான். முழித்தார். மைக்கைக் கையால் பொத்திக் குனிந்தார்.

"தம்பி, உங்கட முழுப்பேர் என்ன?"

எட்டு வருஷம். ஒரே கூடாரம், ஒரே சோற்றுப்பானை. இப்போதுதான் கேட்கிறார்.

"முத்தையா பெரியசாமி."

மைக்கில் சொன்னார். கூடாரம் அதிரச் சிரிப்பு. முதலில் சிரித்தவள் செல்வி. நானும் சிரித்துக்கொண்டேதான் ஏறினேன்.