ஏழாம் கேள்விக்கு ஒரே ஒரு ‘ஆம்’

பிப்ரவரி 3, சனி

காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. வேலை: பறவைக் காவல் குழுவுக்கு ஆள் சேர்ப்பு. இடம்: பத்தமடை தாண்டி, குளத்துக்கரை ரேஷன் கடைத் தாழ்வாரம். எங்கள் விலங்கியல் ஆசிரியர் ஞானராஜ் சார் தொடங்கிய குழு. அவர் பேச, நான் விண்ணப்பம் எழுத. என் கையெழுத்து அழகாம். சாம் அண்ணன் பைக்கில் கூட்டி வந்து, முதல் ஆளாகப் பெயரும் கொடுத்தான். கூடவே அவன் கல்லூரி நண்பர்கள் ஆறு பேர்.

காவல் எதற்கு: குளத்துக் கருவேல மரங்களில் வக்காக் கொக்கும் பாம்புத்தாராப் பறவையும் குஞ்சு பொரித்திருக்கின்றன. மீன் குத்தகைக்காரருக்கு அவை ஆகாது, மீனைத் தின்கின்றனவாம். கண்ணி வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு.

ஏழாம் கேள்வி நான் யோசித்துச் சேர்த்தது. ‘இதற்கு முன் பறவையைப் பிடித்ததோ கொன்றதோ உண்டா?’ ஆம் என்றால் சேர்க்கக் கூடாது. சார் பாராட்டினார். நாள் முழுக்கப் பெருமை.

மொத்தம் 41 பேர். நாற்பது ‘இல்லை’. குத்தகைக்காரரிடம் வேலை பார்க்கும் இருவர்கூட வந்து ‘இல்லை’ போட்டார்கள்.

மீதி ஒருவர் சுடலைமுத்து, வயது 52, வாழைத்தார் சுமக்கும் வேலை. எழுதத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க அவர் சொன்னார். ஏழாம் கேள்வி வந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உண்டு பாப்பா. இளவட்டத்துல கண்ணி வச்சிருக்கேன். கழுத்தத் திருகிச் சாக்குல போடுவேன். விட்டு ரொம்ப வருசமாச்சு.”

‘இல்லை’ என்று எழுதிவிடவா என்று பையக் கேட்டேன்.

“ஊருக்கே தெரியும். பொய் எழுதி ஒன் பேனாவக் கெடுத்துக்காத.”

ஆம் என்று எழுதினேன். தனிக் கோப்பில் வைத்தேன். போகும்போது, வடகரைக் கூடுகள் ரொம்பத் தாழ்வு, விடியக்காலம் அங்கன ஒரு ஆள் இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, சனி. காலை

சாருக்குப் போன் வந்தது. சாரும் நானும் சாம் அண்ணனும் குளத்துக்கு ஓடினோம். பார்த்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

வடகரையில் ஏழு மரம் சாய்ந்து கிடக்கிறது. அறுத்த இடம் வழவழவென்று. சுற்றிலும் மரத்தூள்.
குஞ்சுகள் தண்ணீரில், சேற்றில், கொப்புக்கு அடியில். சில மிதிபட்டவை. ஒன்றின் குடல் முள்ளில் நீளமாக மாட்டியிருந்தது. எறும்பு.
தாய்ப்பறவை ஒன்று, இரண்டு சிறகும் முறிந்து. சார் துண்டைப் போட்டுத் தூக்கும்போதும் கொத்தியது. பிறகு கையிலேயே தலை தொங்கிவிட்டது.
அறுபத்து மூன்று வரை எண்ணினேன்.

சாம் அண்ணன் அழுதான். பிறகு அழுகை நின்று, கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்துகொண்டே இருந்தான். திரும்பி என்னிடம் கேட்டான்.

“ஏட்டி, அந்த நாப்பத்தோரு பேர்ல பறவையக் கொன்னேன்னு எவனாவது எழுதியிருக்கானா?”

கோப்பு என் பையில்தான் இருந்தது. எடுத்து வாசித்தேன். பெயர், தெரு, பம்ப் ரூமுக்கு மூன்றாவது வீடு. வகுப்பில் வாசிப்பதுபோலத் தெளிவாக. வாசிக்கும்போது அந்த மனிதரின் எலும்பு நொறுங்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அதே நாள். மாலை

குழுவின் வாட்ஸ்அப்பில் வீடியோ. முகம் எதுவும் விழவில்லை, கால்களும் கைகளும்தான். சுடலைமுத்து வீட்டு முற்றம். ஒரு கூடையில் மூன்று வக்காக் குஞ்சு. குஞ்சே இங்கன இருக்கே, இதுக்கு மேல சாட்சி எதுக்கு என்று ஒரு குரல்.

“உசுரோட கெடந்துச்சுலே. அதான் எடுத்தாந்தேன்.”

சுடலைமுத்து சொல்லி முடிப்பதற்குள் வயிற்றில் மிதி. வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பால் முதுகில், கையில், பிறகு முகத்தில். தாடையில் விழுந்த சத்தத்தைக் கம்பு முறிந்தது என்று நினைத்தேன். கம்பு முறியவில்லை. கூடை கவிழ்ந்தது. பயத்தில் குஞ்சுகள் தின்ற மீனைக் கக்கின. ஒன்றின் மேல் யாரோ கால் வைத்தார்கள். அவர் அதைப் பார்த்து ஊர்ந்து போனார், ஊர்ந்தவரின் விரல்களில் இன்னொரு மிதி.

கம்பைப் பிடித்த கையில் கறுப்பு வாட்ச். அப்பா சாம் அண்ணனுக்கு வாங்கித் தந்தது.

சார்தான் போய் சுடலைமுத்துவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மீதி இரண்டு குஞ்சையும் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியில் என்னிடம் கொடுத்தார், வனத்துறை வரும்வரை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சர்ச். சாம் அண்ணன் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தான், விரல் முட்டிகளில் தோல் இல்லை. நன்றாகத்தான் பாடினான்.

வீட்டில் அவனிடம் கேட்டேன். கண்ணி வைக்கிறவருக்கு மரம் அறுக்கிற மிஷின் எதற்கு? வழவழவென்று அறுத்த இடத்தை நேற்றே என் கண்ணால் பார்த்தேனே, எனக்கே ஏன் தோன்றவில்லை?

அவன் என் தலைமுடியைப் பிடித்து பீரோவில் மோதினான். இரண்டு முறை. “வெளிய வாயத் தொறந்த, ஒன்னையும் அங்கனயே கெடத்திருவேன்.” பிறகு அவனே ஐஸ்கட்டி கொண்டு வந்தான். உதடு கிழிந்திருக்கிறது. பாத்ரூமில் வழுக்கியதாக அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு குஞ்சு செத்துப்போயிற்று.

பிப்ரவரி 12, திங்கள்

சாருடன் ஆஸ்பத்திரி. தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. இடது காதில் இனி கேட்காதாம்.

அவர் மனைவி சொன்னார்: “சேக்கலேன்னாலும் ஒரு வாரமா வடகரையில போய் உக்காந்திருந்தாவ. வெள்ளிக்கிழம டவுணுக்கு லோடு ஏத்தப் போனாவ. அன்னைக்குப் பாத்து அறுத்திருக்கானுவ. குத்தகைக்காரன் ஆளுவதான்னு தெருவே சொல்லுது.”

என்னைப் பார்த்ததும் சுடலைமுத்து மூன்று விரலை உயர்த்தினார். குஞ்சுகள். நான் ஒரு விரல் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

உன் எழுத்து நன்றாக இருக்குமாமே, புகார் எழுதித் தா பாப்பா என்றார் மனைவி. விலாசம் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டில் ஓரத்திலேயே வைத்து எழுதினேன். ‘அடையாளம் தெரியாத ஐந்தாறு பேர்.’ அழகான கையெழுத்து. பொய் எழுதாதே என்றவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். புகாரை நாளை சாருடன் போய் நான் கொடுப்பதாக ஏற்பாடு.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. சாப்பிடும்போது, அவன் படிப்பு போயிரும் என்று மட்டும் சொன்னார், என் தட்டைப் பார்த்து.

பிப்ரவரி 13, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. காவல் நிலைய வாசலில் சார், விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், குழுவே கெட்டுப்போகும் என்றார். சொல்லாவிட்டால், ‘இல்லை’ என்று போட்டுவிட்டு மரம் அறுத்தவர்களும் தப்பித்துத்தானே போவார்கள் சார் என்றேன்.

நேற்று எழுதியதைக் கிழித்தேன். வேறு எழுதினேன். ஆம் போட்ட விண்ணப்பத்தை மேலே வைத்து, வாசித்துக் காட்டியது நான், யாரிடம், எத்தனை மணிக்கு. வாட்ச். மரத்தூள். எல்லாம்.

எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். என் உதட்டைப் பார்த்தார்.

“இந்த சாமுவேல் ஒனக்கு யாரும்மா?”

“கூடப்பிறந்த அண்ணன்.”

பேனாவைக் கீழே வைத்தார். பெயரை அடித்துவிட்டு மாற்றி எழுத இன்னும் நேரமிருக்கிறது என்றார். கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுத்து கோணல்.

மதியம் இரண்டு மணி. குஞ்சுக்கு மீன் கொடுத்தேன், மூன்று தின்றது, கக்கவில்லை. தெருவில் ஜீப். சாம் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, வாட்சைக் கழற்றி இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அப்பா கதவைத் திறக்கிறார்.