இருபத்தாறு தாளில் ஒரே தப்பு

ஜூன் 9, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து மாடிக் கதவு படார் படார் என்று அடிக்கிறது. மேற்கே மலையில் சாரல், ராஜபாளையத்துக்கு வெறும் தூசி. குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம் நிரம்பியது, மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து என்னிடம் படித்த முத்துலட்சுமி போன். அழுகை. பாலிடெக்னிக் ஏப்ரல் பரீட்சையில் சர்வே பேப்பர் ரத்தாம். இந்த சென்டரில் எழுதிய அத்தனை பேருக்கும். கூட்டமாகக் காப்பி அடித்தார்களாம். ஆதாரம் இரண்டு. பாத்ரூமில் பிட் கிடந்தது. ஒரே ஹாலில் இருபத்தாறு பேர் ஒரு கேள்விக்கு ஒரே தப்பான விடை எழுதியிருக்கிறார்கள்.

அந்த இருபத்தாறு பேரும் என் டியூஷன் பிள்ளைகள். ஒரே காலேஜ், ஒரே பிராஞ்ச், அடுத்தடுத்த நம்பர். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பிட் வைத்தவன் எவனோ, அவனைப் பிடிக்கத் துப்பில்லை. ஊரையே திருடன் என்று எழுதி சீல் வைத்துவிட்டார்கள்.

மு.ல.வுக்கு கோயம்புத்தூர் கம்பெனியில் வேலை உறுதி. ஆகஸ்ட் முதல் வாரம் மார்க் ஷீட்டோடு போய் நிற்க வேண்டும். மறுபரீட்சை அக்டோபரில்தான். அதுவரை எந்தக் கம்பெனிக்காரன் காத்திருப்பான்?

செய்ய வேண்டியது:
ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் (என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்).
பிள்ளைகளுக்கு போன்.
சிலிண்டர்.
மு.ல. அப்பாவிடம் பேச வேண்டும். கத்தாமல்.

ஜூன் 10, புதன்

கத்திவிட்டேன்.

தளவாய்புரம் போனேன். மு.ல. அம்மா நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள், மிஷினை நிறுத்தவே இல்லை. அப்பா என் எதிரிலேயே மகளைக் கேட்கிறார்: "உண்மையச் சொல்லுட்டி. யாரைப் பார்த்து எழுதின?" அந்தப் பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் விட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிஷினும் நின்றுபோனது. உங்கள் மகள் என் வகுப்பில் முதல் பெஞ்ச், அவள் அடுத்தவளைப் பார்ப்பதில்லை, அடுத்தவள்தான் இவளைப் பார்க்க வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அது என்ன அர்த்தம் தருகிறது என்று புரிந்தது. சமாளித்துக்கொண்டு வந்தேன்.

பால் பூத்தில் ஒரு குரல், நான் நிற்பது தெரியாமல்: "அந்த டியூசன்லயே சொல்லிக் குடுத்திருப்பா, பிட்டை எங்கன சொருகணும்னு." திரும்பினேன். ஆள் நழுவிவிட்டான். தயிரை வாங்காமல் வந்துவிட்டேன். மோர்க்குழம்பு கிடையாது, ரசம்தான்.

ஜூன் 13, சனி

ஸ்ரீவி. கோர்ட் லீவு, வக்கீல் வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ். மதுரை ஹைகோர்ட் கிளையில் ரிட் போட வேண்டும், அங்கே அவர் நண்பர் ஆஜராவார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த நாலு பக்கத்தை வாங்கி, படிக்காமல் மேஜையில் வைத்தார். அதற்கே கோபம்.

"டீச்சர், மொத்த சென்டரையும் ரத்து பண்ணது தப்பு, அதை நான் பேசிருவேன். தப்பு பண்ணவனையும் பண்ணாதவனையும் பிரிச்சுப் பாக்கணும்ல. ஆனா இந்த இருவத்தாறு பேப்பர்தான் இடிக்குது. பார்த்து எழுதலன்னா ஒரே தப்பு எங்கேயிருந்து வந்துச்சு? பிள்ளைகளக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குதுக."

கணக்கு என்றால் ஒரே விடைதானே வரும் என்று எகிறினேன். "சரியான விடை ஒண்ணுதான் டீச்சர். தப்பு எம்புட்டு வேணா இருக்கலாமே" என்றார். பிறகு ரத்து நோட்டீஸோடு வந்த விடைத்தாள் நகல்களை என் பக்கம் தள்ளினார்.

பதினாலு மார்க் கேள்வி. கண்மாய்க்கரை ஓரம் ஏழு அளவு கொடுத்துப் பரப்பளவு கேட்டிருக்கிறார்கள். முதல் தாள் மு.ல.வுடையது. விடைக்குக் கீழே இரண்டு கோடு. சுற்றிக் கட்டம். கட்டத்தின் வலது மூலையில் சின்னதாக ஒரு டிக். அடுத்த தாள், அதே கட்டம், அதே டிக். அதற்கடுத்ததும்.

போர்டில் விடையை முடித்ததும் நான் போடுகிற டிக். என் கைப்பழக்கம். பிள்ளைகள் அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கின்றன.

ஃபார்முலாவைப் பார்த்தேன். ஒற்றைப்படை அளவுகளை நாலால் பெருக்கியிருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் அதுதான் சரி, ஏனென்றால் நாங்கள் முதல் அளவுக்குப் பூஜ்யம் என்று நம்பர் போடுவோம். சர்வேயில் முதல் அளவு ஒன்று. அப்படிப் போட்டால் இரட்டைப்படையைத்தான் நாலால் பெருக்க வேண்டும். நம்பரை சர்வே முறையிலும் ஃபார்முலாவைக் கணக்கு முறையிலும் போட்டு நோட்ஸ் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, இருபத்தாறு பேருக்கும் கொடுத்தவள் நான். எம்.எஸ்ஸி. கணக்கு. சர்வேயும் கணக்குத்தானே என்று போன வருடம்தான் அதையும் எடுக்கத் தொடங்கினேன். திமிர்.

வக்கீலிடம் தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அறையலாம் போல இருந்தது. "டீச்சர், இதை அபிடவிட்டா குடுத்தீகன்னா கேஸ் ஜெயிச்சாச்சு."

பிள்ளைகள் வாயைத் திறக்காதது இதற்குத்தான், ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. என் பேரை இழுக்கக் கூடாது என்று கூடிப் பேசி வைத்திருக்கின்றன. யார் கேட்டது இந்தக் கருணையை?

ஜூன் 14, ஞாயிறு

இவருக்கு ஸ்ரீவி ஸ்டேஷனில் ஏட்டு வேலை. வீட்டிலும் விசாரணைதான்.

"ஏட்டி, கோர்ட்ல கையெழுத்துப் போட்டா போட்டதுதான். பொறவு மாத்த ஏலாது."

"மாத்தப் போறதில்ல."

"ஊர்ல ஒருத்தன் புள்ளய அனுப்புவானா உங்கிட்ட? பதிமூணு வருசமா சேர்த்த பேரு."

"அந்தப் பேரு தப்புப் பேருன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

"செத்த நேரம் யோசி. பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு சொல்லிரு. ஜெராக்ஸ் கடைக்காரன் மேல போட்டா யாரு கேக்கப் போறா?"

என் கையெழுத்து நோட்ஸில் என்ன பிரிண்டிங் மிஸ்டேக்! தட்டைச் சத்தமாக வைத்தேன். அவரும் சத்தமாக வைத்தார். ஆனால் ஒரு நிமிடம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்று முழுக்க என்மேல் ஆத்திரம்.

ஜூன் 16, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். நோட்டரி, ஸ்டாம்ப், ரப்பர் சீல். "நான் தவறாகக் கற்பித்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வக்கீல் "தெரியாமல்" என்று ஒரு சொல் சேர்க்கலாம் என்றார். தெரிந்திருக்க வேண்டியவள்தானே? வேண்டாம் என்றேன்.

நோட்ஸையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. மூன்று பேர் ஜூலை பேட்சுக்கு வரவில்லை என்று மெசேஜ். ஒருத்தி காரணம்கூட எழுதவில்லை, கும்பிடு படம் மட்டும்.

மாம்பழம் நாலு வாங்கினேன். இரண்டு அழுகல்.

ஜூலை 14, செவ்வாய்

மதுரை. காலை ஏழு மணி பஸ். வெயில். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் நான், மு.ல., அவள் அப்பா. முழுக்கை சட்டை போட்டு வந்திருந்தார் அவர்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிட் பிட் என்றே பேசினார். அந்தப் பிட் யாருடையது என்று நீதிபதி கேட்டதற்கு, விசாரணை நடக்கிறது என்றார். பிறகு நீதிபதி என் அபிடவிட்டைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "டீச்சர் வந்திருக்காங்களா?"

எழுந்து நின்றேன். ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். பதிமூன்று வருடமாக நான்தான் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். "உட்காருங்க."

ரத்து செல்லாது. ஒரே தப்புக்குக் காப்பி அல்லாத காரணம் இருக்கிறது. தாள்களை உள்ளபடியே திருத்தி, இரண்டு வாரத்தில் ரிசல்ட் போட வேண்டும்.

வெளியே மு.ல. அப்பா மகளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வந்த அழுகையைக் கோபமாக மாற்றி, ஐஸ் போடாதே என்று கடைக்காரனைத் திட்டினேன்.

ஜூலை 16, வியாழன்

வக்கீலிடம் ஆர்டர் நகல் வாங்கிக்கொண்டு ஸ்ரீவியிலிருந்து பஸ். பின் சீட்டில் இரண்டு பேர், அதே காலேஜ், வேறு ஹால் போல.

"ஏலே, பிட்டுல கரெக்டா இருந்துச்சுல்ல. ரெட்டைப்படைக்குத்தான் நாலு. புக்கக் கிழிச்சு வச்சதுல்லா."

"நல்ல வேள, நாம அந்த டியூசன் போகல."

சிரிப்பு. அப்படியொரு சிரிப்பு. எழுந்து கன்னத்தில் விடலாம் என்று கை வந்தது. என்ன சொல்லி அறைவது? அவர்கள் எழுதியது சரி. வாய்க்குள் நாலு கெட்ட வார்த்தை. இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், பஞ்சு மார்க்கெட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தேன்.

ஜூலை 30, வியாழன்

ரிசல்ட். பத்து மணியிலிருந்து போன், நெட் சுற்றிக்கொண்டே இருந்தது.

இருபத்தாறில் பதினேழு பாஸ். மு.ல. இல்லை.

சர்வே, ஐந்து மார்க் குறைவு. உடம்பு சரியில்லாமல் ஒரு கேள்வியை விட்டிருக்கிறாள். கண்மாய்க் கணக்கில் பதினாலுக்கு மூன்று. காப்பி அடிக்கவில்லை என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. பாஸ் என்று யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரன் மத்தியானமே போனில் வேலை இல்லை என்று முடித்துவிட்டானாம்.

சாயங்காலம் அவளே வந்தாள். அழவில்லை. அக்டோபர் பரீட்சைக்கு எப்போதிலிருந்து வரட்டும் என்று கேட்டாள். என்னிடமா, இன்னுமா என்றேன். தலையாட்டினாள். சர்வே புத்தகம் கொண்டுவந்திருந்தாள். அந்த ஃபார்முலா இருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

இது எப்போது போட்டது என்று கேட்டேன்.

"பரீட்சைக்கு மொத நாளு. புக்குல வேற மாதிரி இருந்துச்சு டீச்சர். நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும்னு எழுதிட்டேன்."

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை என்று கத்தினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"கேட்டா இப்படித்தான் கத்துவீக டீச்சர்."